போர் முடிந்த பின்னும் முடியாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அமெரிக்க விடுதலைப் போரின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். எட்டு ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் படை நடத்தியவர் என்று அவரைப் போற்றும் அந்தக் கட்டுரை, நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களிடம் போர் முடிந்ததும் கணக்குக் கேட்பது அவர்களை அவமதிப்பதாகும் என்ற கருத்தோடு முடிகிறது. படைத்துறைக் கணக்குத் தணிக்கையில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கருத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மனிதரே இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்பதற்கு, அவர் தம் கைப்பட எழுதிய கணக்கேடு சான்றாக இருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியாவில் கூடியிருந்த, அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுப் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸ் 1775ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று வாஷிங்டனைத் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்குச் சம்பளமும் செலவும் சேர்த்து மாதம் 500 டாலர் என்று நிர்ணயித்திருந்தார்கள். மறுநாள் பதவியை ஏற்றுக்கொண்டு பேசியபோது அவர், இதில் ஆதாயம் தேட விரும்பவில்லை என்றும், தம் செலவுகளுக்குத் துல்லியமான கணக்கு வைப்பதாகவும், அந்தச் செலவை மட்டும் காங்கிரஸ் கொடுத்தால் போதும் என்றும் தெரிவித்தார். சம்பளம் வேண்டாம் என்று சொன்ன அதே மூச்சில் கணக்குக் கொடுப்பேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கட்டுரையாளர் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். சம்பளம் வாங்குகிறவருக்குத் தொகை முன்கூட்டியே தெரியும், கணக்கும் சுருக்கமாக முடிந்துவிடும். செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறவரோ, பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்லும் கடமையைத் தாமே தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பது கணக்குத் துறையில் இருந்த எவருக்கும் தெரியும்.

அந்த ஏட்டின் முதல் பதிவு 1775 ஜூன் மாதத்தைச் சேர்ந்தது. பாஸ்டனுக்கு அருகே கேம்பிரிட்ஜில் இருந்த படையைச் சென்று சேர்வதற்காக ஐந்து குதிரைகள் வாங்கியதற்கு 239 பவுண்டு என்று அதில் எழுதியிருக்கிறார். அவற்றுள் இரண்டு கடனுக்கு வாங்கியவை என்பதையும், தம் சொந்த வண்டியையும் குதிரைகளையும் வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதால்தான் புதிதாக வாங்க நேர்ந்தது என்பதையும் அந்தப் பதிவிலேயே குறித்திருக்கிறார். தணிக்கைக்காரன் ஒருவன் எழுப்பக்கூடிய முதல் கேள்வி, "உங்களிடம்தான் குதிரைகள் இருந்தனவே, ஏன் வாங்கினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அதற்கான விடையை எழுதி வைத்த ஒரு கணக்கை, என் பணிக்காலத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம், ஜூலை 15ஆம் தேதியிட்ட பதிவு இன்னும் முக்கியமானது. ஆங்கிலேயர் வசம் இருந்த பாஸ்டன் நகருக்குள் சென்று, எதிரியின் நடமாட்டத்தையும் திட்டங்களையும் தெரிவிக்கும் இரகசியக் கடிதப் போக்குவரத்து ஒன்றை ஏற்படுத்துவதற்காக ஒருவருக்கு 333 டாலரும் மூன்றில் ஒரு பங்கும் கொடுத்ததாக அதில் இருக்கிறது. பணம் வாங்கியவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. அங்கே பெயர் எழுதினால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலையில் அந்த வெற்றிடம்தான் நேர்மையான பதிவு. தொகையையும் தேதியையும் நோக்கத்தையும் எழுதியவர், பெயரை மட்டும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். நம் நாட்டிலும் இரகசியச் செலவுகளுக்கு வவுச்சர் கேட்பதில்லை, பொறுப்புள்ள உயர் அலுவலர் தரும் சான்றே ஆதாரமாக ஏற்கப்படுகிறது. போர்க்களத்தில் எல்லாவற்றுக்கும் ரசீது கிடைக்காது என்பதைத் தணிக்கை முறை தொடக்கத்திலிருந்தே அறிந்திருக்கிறது. கணக்குக் கேட்பது என்பது ரசீதை மட்டும் கேட்பது என்று கட்டுரையாளர் எண்ணிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

1783 ஜூலை முதல் தேதிவரையிலான கணக்கை வாஷிங்டன் முடித்து எழுதினார். அந்த முடிவுப் பகுதியில் அவர் மனைவி மார்த்தாவின் பயணச் செலவாக 1,064 பவுண்டு 1 ஷில்லிங் பற்றெழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் படை குளிர்காலப் பாசறைக்குத் திரும்பும்போது அந்த அம்மையார் வர்ஜீனியாவிலிருந்து புறப்பட்டு வந்து, போர்க்காலம் தொடங்கும்போது திரும்பிச் செல்வார். இது சொந்தச் செலவா பொதுச்செலவா என்பதில் தமக்கே தயக்கம் இருந்ததாகவும், ஒரு போர்ப்பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வீட்டுக்குப் போய்வரலாம் என்று ஆண்டுதோறும் நினைத்ததைப் பணியின் பொருட்டுத் தள்ளிப்போட்டதால் நேர்ந்த செலவு இது என்பதால், பொதுக்கணக்கில் எழுதுவது நியாயம் என்று முடிவு செய்ததாகவும் அவர் அங்கேயே விளக்கம் கொடுக்கிறார். 1775இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், வர்ஜீனியாவில் இருந்த தம் இல்லமான மவுண்ட் வெர்னானை மறுபடியும் பார்த்தது யார்க்டவுனை நோக்கிப் படையோடு போன வழியில், 1781 செப்டம்பரில்தான். அந்தப் பதிவை நான் தணிக்கை செய்திருந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன் என்பதை மறைக்கவில்லை. மறுப்பதற்கும் ஏற்பதற்கும் இடமுள்ள செலவு அது. ஆனால் அதைக் குதிரைத் தீவனத்தோடும் உணவுச் செலவோடும் கலந்து மறைக்காமல், தனி வரியாக, தயக்கத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறாரே, தணிக்கைக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறெதுவும் இல்லை. எழுதியவர் தயக்கத்தை எழுதிவிட்டால், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு கேட்பவருக்கு வந்துவிடுகிறது.

1783 டிசம்பரில் பதவியைத் துறப்பதற்காக அனாபொலிஸ் நகருக்குப் போகும் வழியில் அவர் பிலடெல்பியாவில் சில நாள் தங்கினார். அங்கே கருவூலத்தில் கணக்கை ஒப்படைத்துவிட்டு, டிசம்பர் 23 அன்று காங்கிரஸ் முன் நின்று பதவியைத் திருப்பிக் கொடுத்தார். இந்த வரிசையைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கருவூலத்தார் மரியாதைக்காக ஏட்டை மூடி வைத்துவிடவில்லை. வவுச்சர் வவுச்சராகப் பார்த்து, கூட்டலைச் சரிபார்த்து, கடைசியில் ஒரு பிழையையும் கண்டுபிடித்தார்கள். தளபதிக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு டாலரின் 90 பங்கில் 89 பங்கு குறைவாக அவர் எழுதியிருந்தார். பென்சில்வேனியா நாணய வழக்கில் ஒரு டாலர் என்பது 7 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 90 பென்ஸ் என்பதால் அக்காலக் கருவூலக் கணக்கில் டாலரை 90 பங்காக்கி எழுதுவது வழக்கம். ஒரு டாலருக்கும் குறைந்த அந்தத் தொகை அவருக்கு வர வேண்டியது என்று கண்டு எழுதிய அலுவலர்களை நினைத்தால், முகம் தெரியாத அந்தத் தொழில்முறை உறவினர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது. எட்டு ஆண்டுக் கணக்கில், அதுவும் காகிதப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1780 மார்ச்சில் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே அறிவிக்க வேண்டி வந்த காலத்தில், அந்தத் துல்லியம் இரு தரப்பிலும் இருந்திருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அந்தத் தளபதியும் அறிந்திருந்தார், அந்தக் கருவூலமும் அறிந்திருந்தது.

அதே ஏட்டின் முடிவில், பணிகளின் அவசரத்திலும் குழப்பத்திலும் தாம் செய்த சில செலவுகளைப் பற்றெழுத மறந்திருக்க வேண்டும் என்றும், அதனால் தமக்குக் கணிசமான இழப்பு நேர்ந்திருக்கிறது என்றும் வாஷிங்டன் குறித்திருக்கிறார். எழுதாத செலவுக்கு அவர் ஒரு காசும் கேட்கவில்லை. அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1974ஆம் ஆண்டில் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் உண்மையில் அதுதான்.

நான் பணியில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் உயிர்நீத்த ஒரு கேப்டனின் பெயரில் 1,500 ரூபாய் இம்ப்ரெஸ்ட் முன்பணம் நேர் செய்யப்படாமல் நின்றது. போருக்குச் செல்லும் அலுவலர் கையில் சில்லறைச் செலவுகளுக்காக ரொக்கம் கொடுப்பதும், அவர் திரும்பி வந்து வவுச்சர்களோடு கணக்கை ஒப்படைப்பதும் வழக்கம். அவர் திரும்பி வரவில்லை. முன்பணம் மட்டும் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணிக்கொடையிலிருந்து அதைப் பிடித்தம் செய்யலாம் என்று ஒரு குறிப்பு ஏற்கனவே கோப்பில் இருந்தது. அந்தக் குறிப்புக்குக் கீழே, வவுச்சர்கள் இல்லை, மேலலுவலரின் மேலொப்பம் இல்லை என்று தணிக்கை ஆட்சேபணையை எழுதியது நான்தான். விதிப்படி அது சரியான ஆட்சேபணை. அதை எழுதியபோது எனக்கு வயது 24.

சில வாரங்கள் கழித்து, வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அந்தக் கேப்டனின் மனைவி தம் மாமனாரோடு அலுவலகத்துக்கு வந்தார். அவர் உடைமைகளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட தகரப் பெட்டியில் இருந்ததாக ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஈரம் பட்டு அட்டை உப்பியிருந்தது. உள்ளே பென்சிலால் எழுதிய வரிகள்: படகுக் கூலி 45 ரூபாய், நான்கு படகு, மூங்கில் 60, சுமை தூக்கியவர்களுக்கு 112, மண்ணெண்ணெய் 18, மறுபடியும் படகுக் கூலி. ஒவ்வொன்றுக்கும் தேதியும் ஊர்ப் பெயரும் இருந்தன. புத்தகத்தின் நடுவே சிகரெட் பெட்டியின் உட்காகிதங்கள் சிலவற்றை மடித்து வைத்திருந்தார். அவற்றில் ஊதா மையில் கட்டைவிரல் ரேகைகள். எழுதத் தெரியாத படகுக்காரர்களிடம், ஆற்றைக் கடக்கும் அவசரத்திலும், பணம் கொடுத்ததற்குச் சான்றாக ரேகை வாங்கி வைத்திருக்கிறார் அந்த மனிதர். அவர் எப்படி அந்த மைப்பெட்டியைத் தம்மோடு சுமந்து போனார் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மாமனார் பேசவில்லை. அந்த அம்மையார் மட்டும் என்னிடம், "இது அவர் வாங்கின கடனா சார், இல்ல அவர் செஞ்ச செலவா?" என்று கேட்டார். விடை எனக்குத் தெரிந்திருந்தும், அதைக் கோப்பில் எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை. அன்று மாலை அந்தப் புத்தகத்தை வரிவரியாகக் கூட்டினேன். மொத்தம் 1,537 ரூபாய் வந்தது. முன்பணத்தைவிட 37 ரூபாய் அதிகம். அந்த 37 ரூபாயை அவர் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்திருக்கிறார்.

அதன்பின் அந்தக் கோப்பு எங்கெங்கோ போயிற்று. மேலொப்பம் இட வேண்டியவர் வேறு இடத்துக்கு மாற்றலாகியிருந்தார், அவரைத் தேடிக் கடிதம் எழுத ஓராண்டு ஆயிற்று. அவர் ஒப்பமிட்டு அனுப்பியபின், ரேகைகளுக்குச் சாட்சிக் கையொப்பம் இல்லை என்று வேறொரு மேசையில் இன்னோர் ஆட்சேபணை பிறந்தது. விசாரணை, அறிக்கை, பரிந்துரை, ஒப்புதல் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் 1978ஆம் ஆண்டில்தான் அந்த முன்பணம் நேர் செய்யப்பட்டு, நிறுத்தி வைத்திருந்த தொகை குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் மாமனார் காலமாகிவிட்டார். பையனைப் பள்ளியில் சேர்க்க நகையை அடகு வைத்ததாக அந்த அம்மையார் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதமும் கோப்பில் பக்க எண் இடப்பட்டுச் சேர்க்கப்பட்டது. 37 ரூபாயைப் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதினேன். கோரிக்கை எதுவும் பெறப்படவில்லை என்று அது முடித்துவைக்கப்பட்டது. முன்பணம் 1,500, ஏற்கப்பட்ட செலவு 1,500, நிலுவை இல்லை என்று கணக்கு முடிந்தது. அந்த ஆட்சேபணையை எழுதிய கை என்னுடையது என்பதால் இதில் என் பங்கும் இருக்கிறது. அந்த அம்மையாரிடம் இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கட்டுரையாளர் சொல்வதுபோல் அந்தக் கேப்டனிடம் கணக்கே கேட்டிருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. கேட்பார்கள் என்று தெரிந்துதான் அவர் ரேகை வாங்கி வைத்தார், அந்தக் கவனம் அவருடைய பணியின் ஒரு பகுதி. கேட்காமலே விட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை எவரும் திறந்திருக்க மாட்டார்கள், அவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்பதும் எங்கும் பதிவாகியிருக்காது. எனக்கு வருத்தம் தருவது, கேட்டபின் விடையை ஏற்றுக்கொள்ள அரசுக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டதும், தனக்கு வர வேண்டிய 1,500 ரூபாயைத் துரத்திய அதே கை தான் கொடுக்க வேண்டிய 37 ரூபாயைத் தேடாமல் விட்டதும்தான். பிலடெல்பியாக் கருவூலம் 1783இல் செய்ததை நாம் செய்யவில்லை.

இதைச் சொல்லும்போது அமெரிக்கர்கள் தம் அலுவலர்கள் எல்லோருக்கும் அப்படி நடந்துகொண்டார்கள் என்ற எண்ணம் தங்கள் வாசகர்களுக்கு வந்துவிடக் கூடாது. வாஷிங்டனுக்கு அடுத்த நிலையில் பெயர் பெற்ற தளபதி நதானியல் கிரீனின் கதை அதற்கு நேர்மாறானது. 1778 முதல் 1780 வரை படையின் தளவாடத் தலைமை அலுவலராக இருந்தவர் அவர். தமக்குக் கீழே நாடெங்கும் பரவியிருந்த அலுவலர்களின் கணக்குகளுக்கெல்லாம் தம்மையே பொறுப்பாக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு தெற்குப் படைக்குத் தலைமையேற்றார். 1782 டிசம்பரில் ஆங்கிலேயர் சார்ல்ஸ்டன் நகரைவிட்டு வெளியேறிய காலத்தில் அவருடைய வீரர்களிடம் உடுத்தத் துணியும் உண்ண உணவும் போதிய அளவில் இல்லை. காங்கிரஸிடம் பணம் இல்லை. ஜான் பேங்க்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் பொருள் தர முன்வந்தார். அவருக்குக் கடன் கொடுத்த வணிகர்கள் ஈடு கேட்டபோது, வேறு வழியில்லாமல் கிரீன் தம் சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பேங்க்ஸ் பணத்தை வேறு வியாபாரங்களில் முடக்கி நொடித்துப்போய் 1784இல் இறந்துவிட்டார். கடன்காரர்கள் கிரீனின் வாசலில் வந்து நின்றார்கள். ஒப்பந்தத்தில் கிரீனுக்கு மறைமுகப் பங்கு இருந்தது என்ற வதந்தியும் அதோடு சேர்ந்துகொண்டது.

படைக்குச் செய்த செலவு அது. ஆனால் கையெழுத்து தனிமனிதருடையது. அரசின் பேரேட்டில் அதற்கு ஒரு தலைப்பும் இல்லை. ஜார்ஜியா மாநிலம் அவருடைய சேவைக்காகக் கொடுத்த மல்பெரி குரோவ் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, கடனை அடைக்க வழி தேடிக்கொண்டிருந்த நிலையில் 1786 ஜூன் மாதம் தம் 43ஆவது வயதில் அவர் இறந்தார். ஐந்து குழந்தைகளோடு நின்ற அவர் மனைவி கேத்தரின், ஆவணங்களைத் திரட்டிக் காங்கிரஸுக்கு மனுச் செய்தார். கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். நீண்ட வாதத்துக்குப்பின் 1792 ஏப்ரலில்தான் கிரீனின் சொத்துகளுக்கு நேர்ந்த அந்தக் கடன் பொறுப்பை 47,000 டாலர் வரை ஈடு செய்யச் சட்டம் இயற்றப்பட்டது. துப்பாக்கிகள் ஓய்ந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள், அவர் இறந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தகரப் பெட்டியோடு வந்த நம் ஊர் அம்மையாரும், ஆவணக்கட்டோடு தலைநகருக்குப் போன கேத்தரின் கிரீனும் செய்தது ஒரே வேலைதான். கணவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு நாளில் விளக்கிச் சொல்லியிருக்கக்கூடிய செலவை, அவர்கள் ஆண்டுக்கணக்கில் மெய்ப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் பெற்ற தளபதிகளை விட்டுவிட்டுச் சாதாரண அலுவலர்களை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வருத்தமளிப்பது. போர் முடியும்வரை பணியில் இருப்பவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பாதிச் சம்பளம் என்று 1780 அக்டோபரில் காங்கிரஸ் வாக்களித்தது. நியூபர்க் பாசறையில் அலுவலர்களின் கொந்தளிப்பு எல்லை மீறிய 1783 மார்ச்சில் அந்த வாக்கு ஐந்து ஆண்டு முழுச் சம்பளமாக மாற்றப்பட்டது. அதையும் ரொக்கமாகக் கொடுக்க முடியவில்லை. படைக் கணக்குகளை முடிக்கும் பொறுப்பை ஏற்ற ஜான் பியர்ஸ் என்ற சம்பள அலுவலர் ஒவ்வொருவரின் நிலுவையையும் கணக்கிட்டு வட்டியோடு கூடிய கடன் சான்றிதழ்களாகக் கொடுத்தார். கணக்கு ஒழுங்காகத்தான் போடப்பட்டது. ஆனால் கையில் வந்தது காகிதம். வீடு திரும்பும் வழிச்செலவுக்கும் ஊரில் காத்திருந்த கடனுக்கும் அந்தக் காகிதத்தை முகமதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் அதற்குக் குறைவாகவும் விற்றவர்கள் ஏராளம். 1790இல் அந்தச் சான்றிதழ்களுக்கு முழு மதிப்பும் கொடுப்பதென்று முடிவானபோது, ஆதாயம் அவற்றை வாங்கிப் பதுக்கியவர்களுக்கே போயிற்று. முதலில் பெற்ற படைவீரருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த தீர்மானம் 13க்கு 36 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழு ஆண்டு தாமதம்தான் அதை உண்மையாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்கு தண்டனையாக மாறுவதும் உண்டு. செங்கோட்டை வழக்கில் இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள்காலத் தீவாந்தரத்தை 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நீக்கினார். ஆனால் பதவி நீக்கத்தையும், நிலுவைச் சம்பளமும் படிகளும் பறிமுதல் என்ற பகுதியையும் அப்படியே உறுதி செய்தார். மக்கள் கொண்டாடி வரவேற்ற அந்த மூவரின் கணக்கும் அன்றைய பேரேட்டில் அப்படித்தான் மூடப்பட்டது. கணக்கு முடிப்பது வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

ஆகவே கட்டுரையாளரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கணக்குக் கேட்பதே அவமரியாதை என்று எழுதினால், அதைப் படிக்கும் இளம் அலுவலர் ஒருவர் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்வது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணிவிடக்கூடும். அந்தப் புத்தகம்தான் நாளை அவர் குடும்பத்தின் கையில் மிஞ்சும் ஒரே சான்றாக இருக்கலாம். மாறாக, கேட்கப்பட்ட கணக்கு எத்தனை நாளில் முடிக்கப்பட வேண்டும், போரில் இறந்தவரின் முன்பணத்தை உடனிருந்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே விசாரித்து நேர் செய்யும் பொறுப்பு யாருடையது, அந்தக் கெடுவை மீறினால் சுமை குடும்பத்தின்மேல் விழாமல் அலுவலகத்தின்மேல் விழ என்ன ஏற்பாடு என்பவற்றைத் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும். மேலொப்பம் இட வேண்டியவரைத் தேடிப் பிடிப்பது அந்த அம்மையாரின் வேலையாக ஒருபோதும் இருந்திருக்கக் கூடாது. அலுவலருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாயானாலும், கோரிக்கைக்குக் காத்திராமல், கணக்கைக் கூட்டியவரே எழுதி அனுப்ப வேண்டும் என்ற ஒரு விதி இருந்திருந்தால் 1978இல் என் குறிப்பு முடித்துவைக்கப்பட்டிருக்காது.

மேலும் ஒரு சிறு வேண்டுகோள். வாஷிங்டன் செலவுக் கணக்கு எதுவும் கொடுக்காமல் பணியாற்றினார் என்று பொருள்படும் வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதனுடன், அவர் கைப்பட எழுதிய அந்த ஏட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட முடிந்தால், ஐந்து குதிரைகள் வாங்கிய முதல் பக்கத்தையே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் கிராமங்கள் எங்கள் பகுதியில் உண்டு, தங்கள் நாளிதழ் அங்கெல்லாம் போகிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற படைத்துறைக் கணக்குத் தணிக்கையாளர்,
காட்பாடி.